கடலோரத்திலிருந்து ஏஸ் மலையூருக்கு நடந்தே ஏறுவது எப்படி?

பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில், நீஸ் நகரத்துக்கும் மொனாக்கோவுக்கும் நடுவே ஏஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயர் ஒன்று, ஊர் இரண்டு. கீழே கடலை ஒட்டி ஒரு சின்ன ரயில் நிலையம், ஒரு கூழாங்கல் கடற்கரை, தோட்டம் வைத்த பங்களாக்கள். மேலே செங்குத்துப் பாறையின் தலையில், கோட்டைச் சுவருக்குள் நெருக்கியடித்து நிற்கும் கல் வீடுகள். இரண்டையும் ஒற்றையடிப் பாதை ஒன்று இணைக்கிறது. நீட்சே பாதை என்று அதற்குப் பெயர்.

நீளம் சுமார் 2 கிலோமீட்டர்தான். இதைப் பார்த்துவிட்டு "அரை மணி நேரத்தில் போய்விடலாம்" என்று கிளம்புகிறவர்கள்தான் பாதி வழியில் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள். காரணம் ஏற்றம். ஊரின் உச்சியில் இருக்கும் தோட்டம் வரை போனால் கடல்மட்டத்திலிருந்து 429 மீட்டர். ஐஃபெல் கோபுரத்தின் முழு உயரமே 330 மீட்டர்தான்.

ஏஸுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸிலோ காரிலோ நேராக மேலே வந்து இறங்கி, சந்துகளைச் சுற்றிவிட்டு, ஆசைப்பட்டால் இந்தப் பாதையில் கீழே இறங்கிப் போவார்கள். நான் சொல்வது அதற்கு நேர் எதிர். கடலில் தொடங்குங்கள், நடந்து ஏறுங்கள், இறங்குவதற்குப் பஸ்ஸை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு இரண்டு காரணம். ஒன்று முழங்கால்: இந்தச் சரிவில் உதிர்கல் அதிகம், ஏறும்போது வழுக்காத கால் இறங்கும்போது வழுக்கும். இன்னொன்று ஊரைப் பற்றியது. இவ்வளவு உயரத்தில், தண்ணீர் கூடச் சுலபமாகக் கிடைக்காத பாறையில் மனிதர்கள் ஏன் போய்க் குடியேறினார்கள் என்பது பஸ்ஸில் வந்தவருக்குப் புரியாது. கடலில் இருந்து ஏறி வந்தவருக்கு யாரும் சொல்லவே வேண்டாம்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையும் நல்ல காலம். வசந்தத்தில் சரிவு முழுவதும் பசுமையாக இருக்கும், ஏறுகிறவருக்கு வெயிலும் உறைக்காது. இலையுதிர் காலத்தில் கடல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பது கூடுதல் லாபம். ஆனால் இந்தக் கரையோரத்தில் அக்டோபர், நவம்பர் மழை சில நாள் கொட்டித் தீர்த்துவிடும். வானிலை எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அன்றைக்குப் பாதையை மறந்துவிடுங்கள். மழைக்குப் பிறகு சரிவிலிருந்து கல் உருளும். அப்படிப்பட்ட நாட்களில் நகராட்சியே பாதையை மூடிவிடுவதும் உண்டு. அதனால் கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று ஊரின் சுற்றுலா அலுவலகப் பக்கத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

குளிர்காலமும் மோசமில்லை. டிசம்பர், ஜனவரியில் கூட நீஸில் பகல் வெப்பம் பெரும்பாலும் 10 டிகிரிக்கு மேலேயே இருக்கும். கூட்டமும் இருக்காது. காற்று சுத்தமாக இருக்கும் காலை நேரத்தில் உச்சியிலிருந்து கோர்சிகா தீவின் மலைகள் கூடத் தெரியும். கோடையில் இது கிடைக்காது, வெப்பப் புகைமூட்டம் தொலைவை விழுங்கிவிடும்.

ஜூலை, ஆகஸ்டில்தான் விடுமுறை கிடைக்கும் என்கிறீர்களா? சரி, அப்படியானால் காலை எட்டு மணிக்கு முன்னால் பாதையில் கால் வைத்திருக்க வேண்டும். இந்தச் சரிவு தெற்கு பார்த்தது. பதினொரு மணிக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை வெயிலை வாங்கி முகத்தில் திருப்பி அடிக்கும். நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று நினைக்கலாம். நாம் உச்சி வெயிலில் மலை ஏறுவதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

காலில் என்ன, பையில் என்ன

செருப்பு வேண்டாம். கடற்கரையில் போட்டிருந்த ரப்பர் செருப்போடு ஏறி வருகிறவர்களை இந்தப் பாதையில் சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம். அவர்கள் ஏறிவிடவும் செய்வார்கள். ஆனால் எல்லா அடியும் கல்லைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருப்பதால் அவர்கள் கடலையும் பார்ப்பதில்லை, மலையையும் பார்ப்பதில்லை. அடிப்பாகம் தேயாத சாதாரண ஓட்டக் காலணி போதும். கணுக்காலைப் பிடிக்கும் மலையேற்றக் காலணியெல்லாம் தேவையில்லை.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், கோடையில் இரண்டு. வழியில் கடையும் கிடையாது, குழாயும் கிடையாது. கூடவே ஒரு தொப்பியும், உப்பு சேர்ந்த ஏதாவது நொறுக்குத் தீனியும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் மாற்றிக்கொள்ள உலர்ந்த மேல்சட்டை ஒன்று மிக அவசியம். வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சிக் காற்றில் நின்றால் ஏப்ரலில் கூட உடம்பு நடுங்கும்.

பெட்டி, தள்ளுவண்டி எதுவும் இந்தப் பாதையில் ஆகாது. கைக்குழந்தை என்றால் முதுகில் கட்டிக்கொள்ளும் பை வேண்டும்.

நீஸிலிருந்து கடற்கரை வரை

நீஸ் வில் நிலையத்திலிருந்து மொனாக்கோ, வென்டிமிலியா பக்கம் போகும் உள்ளூர் ரயிலில் ஏறுங்கள். இறங்க வேண்டிய நிலையம் ஏஸ் சுர் மேர். கால் மணி நேரப் பயணம். வேக வண்டிகள் இங்கே நிற்காது, அதனால் நிலையப் பலகையில் நிறுத்தங்களின் பெயரைப் பார்த்து ஏறுங்கள். வலப்பக்கம் உட்கார்ந்தால் சுரங்கங்களுக்கு நடுவே கடல் தெரிந்து தெரிந்து மறையும். வில்ஃபிரான்ஷ் விரிகுடா வரும் இடம் தவறவிடக்கூடாதது. போலியூ தாண்டியதும் எழுந்து கதவுப் பக்கம் போய்விடுங்கள், அடுத்த நிறுத்தம் அதுதான். கோடையில் இந்த ரயிலில் நிற்கவே இடமிருக்காது. ஜேப்படிக்காரர்களுக்குப் பிடித்த தடமும் இதுதான், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் நேராகப் பாதைக்குப் போகாதீர்கள். நிலையத்திலிருந்து கடற்கரை சில நிமிட நடைதான். மணல் கிடையாது, எல்லாம் சாம்பல் நிறக் கூழாங்கல். அலை திரும்பும்போது கற்கள் ஒன்றோடொன்று உருண்டு சலசலக்கும் சத்தம் மணல் கரையில் வளர்ந்தவர்களுக்குப் புதிதாக இருக்கும். தண்ணீரில் கை நனையுங்கள், கால் நனையுங்கள். உங்கள் ஏற்றம் இங்கே, பூஜ்யம் மீட்டரில் தொடங்குகிறது. பிறகு திரும்பி நின்று மேலே பாருங்கள். எங்கே போகப் போகிறோம் என்பதை இங்கே பார்த்து வைத்துக்கொண்டால், பாதை மரங்களுக்குள் நுழைந்தபின் திசை குழம்பாது.

குளிக்கலாமா? இப்போது வேண்டாம். கடல் தண்ணீர் காய்ந்தால் தோலில் உப்பு பூத்துவிடும். அந்த உடம்போடு ஒரு மணி நேரம் ஏறினால் தொடையும் அக்குளும் உரசிப் புண்ணாகிவிடும். குளியலைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம்: மேலே ஊருக்குள் நீச்சலுடையோடு நடப்பதை அங்கே யாரும் விரும்புவதில்லை.

பாதையின் முதல் கால் மணி நேரம்

நிலையத்துக்கு முன்னால் ஓடுவது கீழ்க் கோர்னிஷ் சாலை. இந்த மலைச்சரிவில் மூன்று சாலைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஓடுகின்றன: கடலை ஒட்டிக் கீழ்க் கோர்னிஷ், மலையூரைத் தொட்டுக்கொண்டு நடுக் கோர்னிஷ், அதற்கும் மேலே நெப்போலியன் காலத்தில் போட்ட பெரிய கோர்னிஷ். நாம் கீழ்ச் சாலையிலிருந்து நடுச் சாலைக்கு ஏறுகிறோம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். சாலையைக் கடக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. வளைவில் பைக்குகள் விர்ரென்று வரும்.

எதிர்ப்பக்கம் போனதும் நீட்சேயின் பெயரைத் தாங்கிய பலகை வழி காட்டும். முதலில் வருவது பாதை மாதிரியே இருக்காது. பங்களாக்களின் மதில்களுக்கு நடுவே சிமெண்ட் போட்ட சந்தும் படிகளுமாக இருக்கும். யாருடைய வீட்டுக்கோ போகிறோம் என்று தோன்றும். சரியான வழிதான், மேலே போங்கள்.

இந்தப் பகுதிதான் ஆளை ஏமாற்றும். ரயிலில் உட்கார்ந்து வந்த கால், காலைக் காற்று, சமமான படி. எல்லாம் சேர்ந்து வேகமாக ஏற வைத்துவிடும். பத்து நிமிடத்தில் இதயம் தொண்டையில் துடிக்கும். முதல் கால் மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். ஒற்றைச் சொல்லாகப் பதில் சொல்கிறீர்கள் என்றால் வேகம் அதிகம்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட ஒரு பழைய வழி இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892இல் சொன்னது: சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம் பாதைக்கு இதைப் போட்டுப் பார்த்தால், தூரத்துக்கு 24 நிமிடம், ஏற்றத்துக்கு (பாதை உச்சித் தோட்டத்துக்குக் கீழேயே முடிந்துவிடுவதால்) நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆக ஒரு மணி நேரம். நைஸ்மித் நல்ல தேகக்கட்டுள்ள ஆட்களை நினைத்துச் சொன்னார், படம் எடுப்பதையும் அவர் சேர்க்கவில்லை. நீங்கள் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுப்பாதை

மதில்கள் முடிந்ததும் சிமெண்டும் முடிந்துவிடும். இனிமேல் மண், சுண்ணாம்புக் கல், பாறையில் அடுக்கிய படிகள். ஊர்க்காரர்கள் கடலுக்கும் மலைக்குமாகப் போய்வந்த பழைய தடம் இது. படிகளின் உயரம் ஒரே அளவாக இருக்காது. ஒன்று கணுக்கால் அளவு, அடுத்தது முழங்காலுக்குச் சற்றுக் கீழே. அதனால் சீரான தாளத்தில் ஏற முயலாதீர்கள். உயரமான படி வரும் இடத்தில் ஓரமாகச் சின்னக் கல் ஏதாவது இருக்கும், அதில் கால் வைத்து இரண்டு எட்டாக ஏறுங்கள்.

அதிகம் பேர் நடந்த கல் எது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். சொரசொரப்பான கல் மங்கலான வெள்ளையாக இருக்கும். மிதிபட்டு மழமழத்த கல் தேய்த்த தரை மாதிரி லேசாக மினுங்கும். காய்ந்திருக்கும்போது இரண்டும் ஒன்றுதான். ஈரமாகிவிட்டால் மினுங்கும் கல்லில் கால் வைக்கவே கூடாது. உதிர்கல் கிடக்கும் இடத்தில் நுனிக்காலால் உந்தினால் கல் பின்னால் உருண்டு ஓடிவிடும், கீழே வருகிறவர் மேல் படவும் கூடும். பாதத்தை முழுசாக, தட்டையாக வைத்து எடையை மெதுவாக ஏற்றுங்கள். எட்டு சின்னதாக இருக்கட்டும்.

சரிவு முழுக்க மத்தியதரைக் கடல் ஓரத்துக்கே உரிய செடிகள். அலெப்போ பைன், காராப் மரம், ரோஸ்மேரி, காட்டுத் தைம். ரோஸ்மேரி இலையை விரலால் உருவி முகர்ந்து பாருங்கள், பறித்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். புதராக உருண்டு நிற்கும் ஒரு கள்ளி இனச் செடியையும் பார்ப்பீர்கள். அதன் விந்தை என்னவென்றால், வசந்தத்தில் இலையும் பூவுமாக நின்றுவிட்டு, கோடை வறட்சி வந்ததும் இலையை மொத்தமாக உதிர்த்துத் தூங்கிவிடும். உடைத்தால் வரும் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகளைத் தொட விடாதீர்கள். கோடை என்றால் சிள்வண்டுகளின் இரைச்சல் காதை அடைக்கும். இதே செடிகள் எண்ணெய்ச் சத்துள்ளவை என்பதால் தீப்பிடித்தால் நிற்காது. சிகரெட் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காற்று பலமாக வீசும் வறண்ட நாளில் இந்தப் பக்கம் வராமலிருப்பதே புத்தி. எது நடந்தாலும் அவசர எண் 112.

எங்கே நின்று இளைப்பாறுவது? மரநிழல் வந்த இடத்தில், கடல் தெரிகிற இடத்தில். நின்று குடிக்கும் தண்ணீர் இரண்டு மூன்று மடக்காக இருக்கட்டும். ஒரேயடியாகக் குடித்தால் அடுத்த படியில் வயிறு குலுங்கும். கடலைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பது கேப் ஃபெரா முனை. கீழே நீங்கள் இறங்கிய ரயில் நிலையத்தின் பக்கம் வண்டி ஒன்று சுரங்கத்துக்குள் நுழைவது தெரியும், சத்தம் கேட்காது. அவ்வளவு தூரம் ஏறியிருப்பீர்கள்.

யார் இந்த நீட்சே, இங்கே என்ன செய்தார்

ஜெர்மானியத் தத்துவஞானி ஃபிரெடெரிக் நீட்சே 1883 டிசம்பரிலிருந்து 1888 வரை ஐந்து குளிர்காலங்களை நீஸில் கழித்தார். அவருக்குத் தலைவலி தீராத வியாதி, பார்வையும் மிக மோசம். ஜெர்மனியின் மங்கலான குளிர்காலம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நீஸின் வெளிச்சமும் வறண்ட காற்றும் ஒத்துக்கொண்டன. அங்கிருந்து ரயிலில் ஏஸ் வந்து இந்தச் சரிவில் ஏறினார். ஜரதுஷ்ட்ராவைப் பற்றிய அவருடைய நூலின் மூன்றாம் பாகத்தில், பழைய பலகைகள் புதிய பலகைகள் என்ற முக்கியமான பகுதி, ரயில் நிலையத்திலிருந்து இந்த மலையூருக்கு மூச்சு முட்ட ஏறியபோது உருவானது என்று பிற்பாடு அவரே எழுதினார். அந்தக் காலத்தில் ஏழெட்டு மணி நேரம் களைப்பில்லாமல் மலையில் நடக்க முடிந்தது என்றும் எழுதியிருக்கிறார்.

எனக்கு இதில் பிடித்தது, அரைப் பார்வையோடு இந்தப் படிகளில் ஏறிய மனிதர் அதை நோயாளியின் சிரமமாகச் சொல்லவில்லை என்பது. உடம்பு வேகமாக இயங்கும்போதுதான் மூளையும் நன்றாக ஓடியது என்று சொன்னார். நமக்குத் தத்துவம் வருமா என்பது வேறு விஷயம். மேலே போனதும் பசி வரும், அது நிச்சயம்.

கடைசி ஏற்றம்

நடுவில் கொஞ்சம் மூச்சு விடக் கிடைத்த பாதை, கடைசிப் பகுதியில் மறுபடி செங்குத்தாகும். தலைக்கு மேல் பாறைச் சுவரும் அதன் விளிம்பில் வீடுகளும் தெரியத் தொடங்கும். இதோ வந்துவிட்டது என்று தோன்றும், ஆனால் வந்திருக்காது. ஒரு வளைவு, அப்புறம் இன்னொரு வளைவு. இங்கேதான் பலர் வேகமெடுத்துக் கால் பிசகுகிறார்கள். இத்தனை நேரம் வந்த அதே நடையில் வாருங்கள்.

இந்த இடத்தில் நின்று, கையில் ஈட்டியும் கேடயமுமாக இதே சரிவில் ஏறி வருவதாக நினைத்துப் பாருங்கள். மேலே நிற்கிறவர்கள் நீங்கள் கரையில் இறங்கியபோதே பார்த்திருப்பார்கள். நீங்கள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அவர்கள் ஆடுமாடுகளை உள்ளே ஓட்டி, கதவைச் சாத்தி, கல்லைக் குவித்துவைத்துக் காத்திருப்பார்கள். நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நிற்பீர்கள். கடல் வழியாகக் கொள்ளைக்காரர்கள் வந்துகொண்டிருந்த நூற்றாண்டுகளில் இந்தக் கரையோர மக்கள் மலை உச்சிகளைத் தேடிப் போனதற்கு இதுதான் காரணம். வயல் கீழே, மீன் கீழே, உயிர் மேலே.

ஆனாலும் சரிவு எப்போதும் காப்பாற்றவில்லை. பத்தாம் நூற்றாண்டில் இந்தப் பகுதி சில காலம் அரபுப் படையினர் கையில் இருந்தது. 1388இல் சவோய் அரச வம்சத்திடம் வந்தபின் ஊர் பலப்படுத்தப்பட்டது. 1543இல் பிரெஞ்சுப் படையும் ஒட்டோமான் தளபதி பார்பரோசாவின் படையும் கைகோத்து இதைப் பிடித்தன. 1706இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் ஆணைப்படி கோட்டையையும் மதிலையும் இடித்தார்கள். இடிந்த கோட்டையின் மிச்சம்தான் இன்றைக்கு உச்சியில் நிற்பது.

வாயிலைத் தாண்டியபின்

பாதை மலையூரின் அடிவாரத்தில், கோட்டை வாயிலுக்குப் பக்கத்தில் போய்ச் சேரும். முதலில் சட்டையை மாற்றுங்கள். கழிப்பறை வேண்டுமென்றால் கீழே கார் நிறுத்துமிடத்துப் பக்கம் போய்விட்டு வந்துவிடுங்கள். உள்ளே நுழைந்தபின் இதற்காகத் திரும்பி இறங்குவது எரிச்சல்.

உள்ளே போக ஒரே வழிதான்: பதினான்காம் நூற்றாண்டின் இரட்டை வாயில். முதல் கதவை உடைத்தாலும் இரண்டாவது காத்திருக்கும். அதற்கப்பால் காரும் கிடையாது, பைக்கும் கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்ப வேண்டிய சந்துகள், வளைவுக் கூரையடியில் போகும் படிகள். இன்று பெரும்பாலான வீடுகள் கடையாகவும் ஓவியக் கூடமாகவும் விடுதியாகவும் மாறிவிட்டன. குடியிருப்பவர்கள் சொற்பம். இதைப் பார்த்து "எல்லாம் சுற்றுலாவுக்காகச் செய்த செட்" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. பதினொரு மணிக்கு மேல் வந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். காலை ஒன்பதரைக்கு, பஸ்கள் வந்து குவிவதற்கு முன், கடைக்காரர் ஒருவர் கதவுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் நடந்தால் ஊர் வேறு மாதிரி இருக்கும். நடந்து ஏறி வருகிறவர்கள் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு வெயில் பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

வழி தெரியாமல் திண்டாட வேண்டியதில்லை. மேலே போகும் சந்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் உச்சித் தோட்டத்துக்குப் போய்விடுவீர்கள். போகிற வழியில் வெள்ளை அங்கி அணியும் பாவப் பரிகாரச் சபையின் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. 1306இல் கட்டியது, ஊரிலேயே மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. 1860 ஏப்ரலில் பிரான்ஸோடு சேர்வதா என்று ஊர் மக்கள் வாக்களித்தது இந்தச் சின்ன அறைக்குள்தான். இடித்துத் தள்ளிய நாட்டோடு ஒன்றரை நூற்றாண்டு கழித்து மனமொத்துச் சேர்ந்துவிட்டார்கள்! மஞ்சள் காவி முகப்போடு தூரத்திலிருந்தே தெரியும் மாதா கோயில் அதைவிடப் புதியது, 1764க்கும் 1778க்கும் இடையில் எழுந்தது. வெளியே எளிமை, உள்ளே சுவரில் தூண்கள் இருப்பது போல வரைந்தே ஏமாற்றியிருக்கும் அலங்காரம்.

உச்சித் தோட்டத்துக்குக் கட்டணம் உண்டு. சில யூரோதான், யோசிக்காமல் கொடுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து நான்கு வருடத்தில், 1949இல், இடிந்த கோட்டையின் மேட்டில் தொடங்கியது இது. ழான் காஸ்தோ என்பவர் இதை அமைத்தார். வெறும் பாறை என்பதால் மண்ணையும் செடிகளையும் ஆட்கள் முதுகில் சுமந்து மேலேற்றினார்கள். வெறும் தண்ணீர் பாட்டிலோடு ஏறியே நமக்கு நாக்கு வெளியே தள்ளியது, அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். தெற்குப் பக்கம் முழுக்கக் கள்ளியும் கற்றாழையும். உறைபனி அபூர்வம், பாறை இரவிலும் சூடு காக்கும், தண்ணீர் நிற்காது; இந்தச் செடிகளுக்கு வேறென்ன வேண்டும்? நடுநடுவே பெண் உருவச் சிற்பங்கள். உச்சியில் கோட்டையின் மிச்சச் சுவரும், 429 மீட்டர் உயரமும், நீங்கள் கை நனைத்த கடற்கரையும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

ஊரின் சின்னம் ஃபீனிக்ஸ் பறவை. எரிந்த சாம்பலிலிருந்து மீண்டும் பிறக்கும் பறவை. "செத்தே மறுபடி பிறக்கிறேன்" என்கிற பொருளில் லத்தீன் வாசகமும் உண்டு. இடிபட்டதையெல்லாம் கணக்கில் எடுத்தால் பொருத்தமான சின்னம்தான்.

சாப்பாடு

ஊருக்குள் உணவகங்கள் இருக்கின்றன. காட்சிக்கும் சேர்த்துத்தான் விலை போடுகிறார்கள். ஒரு காப்பி குடிக்க உட்காரலாம், முழுச் சாப்பாட்டுக்குக் கையை யோசித்துத்தான் வைக்க வேண்டும். நீஸிலிருந்தே கட்டிக்கொண்டு வருவது என் பரிந்துரை. சைவக்காரர்களுக்குச் சொக்கா என்ற அடை பொருத்தம்: கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். ஆனால் ஆறினால் சவசவத்துவிடும், அதனால் அதைத் திரும்பி வந்தபின் நீஸின் பழைய ஊர்ப் பகுதியில் சுடச்சுடச் சாப்பிடுங்கள். வெங்காயம் பரப்பிய பிஸலாதியேர் என்ற ரொட்டி பார்வைக்குச் சைவம் போலத் தெரியும், அதில் நெத்திலி சேரும். பான் பாஞ்ஞா என்ற உருண்டை ரொட்டியில் சூரை மீனும் முட்டையும் இருக்கும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மலையேற்றத்துக்கு இதைவிட நல்ல கட்டுச்சோறு கிடையாது, எண்ணெயில் ஊற ஊற ருசி கூடும்.

இறங்கும் வழி

மலையூரிலிருந்து நீஸுக்கு நேராகப் போக 82ஆம் எண் பஸ், கடற்கரை ரயில் நிலையத்துக்கு இறங்க 83. எண்களை அவ்வப்போது மாற்றுகிறார்கள், வண்டியும் அடிக்கடி கிடையாது. அதனால் மேலே வந்து சேர்ந்த உடனேயே நிறுத்தத்தில் நேரத்தைப் பார்த்து வைத்துவிட்டு ஊருக்குள் போங்கள். கோடை மாலையில் நீஸ் பஸ் நிரம்பி, நிற்காமல் போய்விடவும் கூடும். கடற்கரைக்கு இறங்கும் வண்டியைப் பிடித்தால் தள்ளிவைத்த குளியலையும் முடித்துக்கொண்டு ரயில் ஏறலாம்.

நடந்துதான் இறங்குவேன் என்றால் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலணி நாடாவை இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் விரல் நுனி முன்னால் இடித்துக்கொண்டே வரும். பாதையில் விளக்கு கிடையாது. சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதாவது கிளம்பிவிட வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களோடு போகிறீர்களா? முழங்கால் வலி, இதயத் தொந்தரவு, தலைசுற்றல் உள்ளவர்களை இந்தப் பாதையில் ஏற்றாதீர்கள். கடற்கரையைச் சேர்ந்து பார்த்துவிட்டு, அவர்களோடு ஒருவர் 83இல் மேலே போகட்டும், மற்றவர்கள் நடந்து வரலாம். சந்திக்கும் இடம் கோட்டை வாயில் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளும் படிகள்தான் என்பதால், தோட்டம் வரை ஏற முடியாதவர்களுக்கு கார் நிறுத்துமிடத்துப் பக்கம் ஒரு வாசனைத் திரவியத் தொழிற்சாலை இருக்கிறது, சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. நடக்கிறவர்கள் சொன்ன நேரத்துக்கு அரை மணி தாமதமாகத்தான் வருவார்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லிவைத்துவிடுங்கள்.